வெயிலில் பழைய கார் நின்றுபோனால்: வேப்பர் லொக்கைத் தடுக்கும் வழி

மத்தியானம் பன்னிரண்டரை மணி. மட்டக்களப்பிலிருந்து கல்முனை வரை ஒரு குறையும் இல்லாமல் ஓடிவந்த மொறிஸ் மைனரைச் சந்தைப் பக்கம் நிறுத்திவிட்டு, மீன் வாங்கிக்கொண்டு கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து சாவியைத் திருப்புகிறீர்கள். ஸ்டார்ட் ஆகிறது, இருநூறு மீற்றர் போகிறது, பிறகு இழுத்து இழுத்து, இருமி, நடுரோட்டில் நின்றுவிடுகிறது. எனக்கு இது முதல் தடவை நடந்தபோது பற்றரி சாகும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். பிறகு ஒரு கராஜில் பெற்றோல் பம்ப் பழுது என்று சொல்லிப் புதுப் பம்ப் போட்டார்கள், காசும் கொடுத்தேன், அடுத்த கிழமையே அதே வெயிலில் அதே மாதிரி நின்றது. பழைய பம்பில் ஒரு குறையும் இருக்கவில்லை. பம்பிலிருந்து, பெற்றோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கிற காபரேற்றருக்குப் போகிற ரப்பர் ஹோஸை யாரோ எப்போதோ மாற்றும்போது நீளமாக வெட்டி, அது தொய்ந்து, இஞ்சினின் சூடான புகை வெளியேறுகிற இரும்புக் குழாயான எக்ஸோஸ்ட் மனிபோல்ட்டில் சாய்ந்துகொண்டு கிடந்தது, அவ்வளவுதான். அந்தச் சூட்டில் பெற்றோல் கொதித்து ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வதைத்தான் வேப்பர் லொக் என்கிறோம்.

நம் பக்கத்தில் இப்போது பழைய கார் வாங்கி ஓட்டத் தொடங்கியிருக்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பெற்றோல் எந்த இடத்தில் கொதிக்கிறது என்று கண்டுபிடிக்கும்வரை ஒரு சாமானும் வாங்காதீர்கள். இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி, பெரும்பாலும் செலவும் சின்னதாகவே இருக்கும்.

முதலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தண்ணீர் மாதிரி பெற்றோல் ஒரே சூட்டில் கொதிப்பதில்லை, ஏனென்றால் அது பல திரவங்களின் கலவை. அதில் இலேசான பகுதி 35, 40 பாகை செல்சியஸிலேயே ஆவியாகத் தொடங்கும், கனமான பகுதிக்கு 200 பாகை வரை வேண்டும். வைகாசி தொடக்கம் புரட்டாசி வரை கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் நிழலிலேயே 34, 35 பாகை இருக்கும், ஆகவே தாங்கியில் கிடக்கிற பெற்றோல் ஏற்கெனவே கொதிநிலையின் வாசலில்தான் நிற்கிறது. அது பொனற்றுக்குள் வந்து சூடான இரும்புக்குப் பக்கத்தால் போகும்போது குழாய்க்குள்ளேயே குமிழியாகிறது. பம்ப் உறிஞ்சுகிற பக்கத்தில் அழுத்தம் குறைவு, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும், அதனால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையிலான குழாயில்தான் ஆபத்து கூட. வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினின் உறிஞ்சு குழாயில் காற்று புகுந்தால் மெசின் கத்திக்கொண்டே இருக்கும், தண்ணீர் வராது அல்லவா, அதேதான் இங்கேயும். பெற்றோலைத் தள்ளுகிற பம்பின் டயப்பிரம் என்ற சவ்வு ஏறி இறங்குகிறது, ஆனால் அமுங்கி விரிகிற ஆவியைத்தான் தள்ளுகிறது, காபரேற்றருக்குப் பெற்றோல் போவதில்லை.

அப்படியென்றால் ஓடும்போது நிற்காத கார், நிறுத்தி எடுத்தபிறகு ஏன் நிற்கிறது? ஓடுகிறபோது விசிறி சுற்றுகிறது, றேடியேற்றரில் தண்ணீர் ஓடுகிறது, தாங்கியிலிருந்து புதுப் பெற்றோல் வந்து குழாயைக் குளிர்த்திக்கொண்டே இருக்கிறது. சாவியை மூடியதும் இந்த மூன்றும் ஒரே நேரத்தில் நின்றுவிடும், ஆனால் வார்ப்பிரும்பில் ஏறிய சூடு அப்படியே இருக்கும், அது மெல்லப் பரவிப் பம்பையும் காபரேற்றரையும் பிடிக்கும். நிறுத்திய பத்தாவது நிமிடத்திலிருந்து அரை மணித்தியாலம் வரைதான் மோசமான நேரம். கடைக்குப் போய்வருகிற நேரமும் சரியாக அதுதான்.

இதற்குள் இரண்டு வேறு வியாதிகள் இருக்கின்றன, இரண்டையும் எல்லோரும் வேப்பர் லொக் என்றே சொல்வார்கள். ஒன்று நான் மேலே சொன்னது, குழாயிலோ பம்பிலோ ஆவி அடைத்துப் பெற்றோல் பட்டினி. மற்றது, காபரேற்றரில் பெற்றோல் தேங்கி நிற்கிற மிதவைக் கிண்ணத்திலேயே பெற்றோல் கொதித்துப் பொங்கி, இஞ்சினுக்குள் வழிந்து, அளவுக்கு மிஞ்சிப் போய்விடுவது. முதலாவதில் பெற்றோல் மணமே இருக்காது, கார் கொஞ்சம் ஓடி, திணறி நிற்கும். இரண்டாவதில் பொனற்றைத் திறந்ததும் மணம் மூக்கில் அடிக்கும், ஸ்டார்ட் ஆகவே கஷ்டப்படும், ஆனால் கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பிடிக்கும், பிளக்கைக் கழற்றினால் ஈரமாக இருக்கும். மருந்து இரண்டுக்கும் வேறு.

அது பெற்றோல்தானா என்று முதலில் பாருங்கள்

வெயிலில் நிற்கிற பழைய கார் எல்லாமே பெற்றோலால் நிற்பதில்லை. சூடேறினால் செத்து, ஆறினால் உயிர்வருகிற, பிளக்குக்கு மின்பொறி கொடுக்கிற கொயிலும் கண்டென்சரும் இதே நாடகத்தைத்தான் ஆடும். வித்தியாசம், நிற்கிற விதத்தில் இருக்கிறது. யாரோ சுவிட்சைத் தட்டியது போல ஒரே வெட்டாக நின்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். திணறி, இழுத்து, அக்ஸிலேற்றரை மிதித்தால் இன்னும் மோசமாகி, கொஞ்சம் விட்டால் கொஞ்சம் ஓடி நின்றால் பெற்றோல் பக்கம். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் சரியான பதிலோடு கராஜுக்குப் போனால் மெக்கானிக் பாஸுக்கும் வேலை இலேசு, உங்களுக்கும் காசு மிச்சம்.

பிறகு பெற்றோல் தாங்கியின் மூடி. கார் திணறத் தொடங்கியதும் ஓரமாக நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள், உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால், அத்தோடு காரும் சரியாக ஓடத் தொடங்கினால், உங்களுக்கு வேப்பர் லொக்கே இல்லை. மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது, அல்லது களவுக்குப் பயந்து யாரோ துளையே இல்லாத பூட்டு மூடி போட்டிருக்கிறார்கள். பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் தாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகும், பம்பால் இழுக்க முடியாது. இலவசமாகச் செய்கிற சோதனை இது. வேறு எதையும் தொடுவதற்கு முன் செய்யுங்கள்.

மொறிஸ் மைனர்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அதில் எஸ்.யு. கம்பனியின் மின்சாரப் பம்ப் பொனற்றுக்குள் பின்சுவரில் இருக்கிறது, அது பேசும். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டால் டிக் டிக் என்று சில தடவை அடித்து, கிண்ணம் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். கார் நின்ற இடத்தில் சாவியைப் போட்டுக் கேளுங்கள். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் ஆவியையோ காற்றையோ இழுக்கிறது, இல்லாவிட்டால் தாங்கி காலி. சத்தமே இல்லாவிட்டால் கரண்ட் வரவில்லை அல்லது பம்புக்குள் கரண்ட்டை விட்டு விட்டுக் கொடுக்கிற பொயின்ற் கருகியிருக்கிறது, அப்போது ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டினால் வேலை செய்யத் தொடங்கும். ஒழுங்காக அடித்து நின்றுவிட்டால் கிண்ணத்துக்குப் பெற்றோல் போயிருக்கிறது, பிரச்சினை அதற்கு அப்பால்.

ஒஸ்டின், பீஜோ 404, கொரோலா, பெட்டி லான்சர் போன்றவற்றில் பம்ப் இஞ்சினோடு பொருத்தப்பட்ட இயந்திரப் பம்ப். அது இஞ்சின் சூட்டை நேராக வாங்கும், இஞ்சின் சுற்றினால்தான் வேலையும் செய்யும். பழையவற்றில் பம்பின் மேலே கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அதில் குமிழி ஓடுகிறதா என்று பார்க்கலாம். கண்ணாடி இல்லாவிட்டால் பம்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற பெற்றோல் பில்டர் ஒன்று போடுங்கள், விலை குறைவு. பில்டர் பாதி நிறைந்திருப்பது சாதாரணம், பயப்படத் தேவையில்லை. குமிழி இடைவிடாமல் ஓடினால்தான் கவனிக்க வேண்டும்.

செலவு குறைந்த வேலைகள், வரிசையாக

ஒன்று, ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன், ஏனென்றால் இது காரை நிறுத்துவது மட்டுமில்லை, காரை எரிக்கவும் கூடியது. தாங்கியடியில் இருக்கிற சின்ன ஹோஸில் மயிரிழை வெடிப்பு இருந்தால் பெற்றோல் வெளியே சொட்டாது, ஆனால் பம்ப் இழுக்கும்போது அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், அறிகுறி அப்படியே வேப்பர் லொக். கடையில் பெற்றோல் ஹோஸ் என்று கேட்டு, மேலே அச்சடித்திருக்கிற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். மட்டம் பார்க்கிற தெளிந்த பிளாஸ்டிக் குழாயைப் போடாதீர்கள், சில மாதத்தில் கல் மாதிரி இறுகி, கிளிப்புக்குள் வெடித்துவிடும். பழைய குழாயின் தடிப்பை அளந்துகொண்டு போங்கள், பெரிதை வாங்கி கிளிப்பால் நெரிப்பது நல்லதல்ல.

இரண்டு, குழாய் போகிற வழி. வண்டி ஆறியிருக்கும்போது பொனற்றைத் திறந்து, காருக்கு அடியிலும் குனிந்து, தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை முழுக் குழாயையும் கண்ணால் பின்தொடருங்கள். சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் எங்கே போகிறது? மனிபோல்ட்டின் மேலால் எங்கே தாண்டுகிறது? அந்த இடங்களில் குறைந்தது நாலு விரல் இடைவெளி வரும்படி வளைத்து கிளிப் அடியுங்கள். மொறிஸ் மைனர் மாதிரியான கார்களில் காபரேற்றரும் எக்ஸோஸ்டும் இஞ்சினின் ஒரே பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இருப்பதால் இந்த வேலையின் பலன் அங்கே கூட. தள்ளி வைக்கவே முடியாத இடத்துக்கு, கண்ணாடி நாரும் அலுமினியத் தாளும் சேர்ந்த சூடு தாங்கும் உறை கிடைக்கிறது, அந்தத் துண்டுக்கு மட்டும் போடுங்கள். உறை ஏற்கெனவே ஏறிய சூட்டையும் உள்ளே பிடித்து வைக்கும் என்பதால், முதலில் தள்ளி வைப்பது, முடியாவிட்டால்தான் உறை.

மனிபோல்ட்டையே துணிப்பட்டியால் சுற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வார்ப்பிரும்பு மனிபோல்ட்டுக்கு நான் அதைச் செய்யமாட்டேன். சூடு உள்ளேயே தங்கி வெடிப்பு வரலாம், அதோடு கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று நாம் எல்லோரும் கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், அந்த உப்புக் காற்றின் ஈரத்தைப் பட்டி உறிஞ்சி வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும்.

மூன்று, இஞ்சின் தேவையில்லாமல் சூடாகிறதா என்று பாருங்கள். உப்புக் காற்று றேடியேற்றரின் மெல்லிய தகடுகளை அரித்துவிடும், விரலால் தொட்டால் உதிர்ந்தால் அந்த றேடியேற்றர் பேருக்குத்தான் இருக்கிறது. சவர்க் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிப் பழகியவர்கள் அதை நிறுத்திவிட்டு கூலன்ற் ஊற்றுங்கள். விசிறிப் பெல்ட் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. பிளக் பொறி விடுகிற நேரம், அதாவது இக்னிஷன் டைமிங், பிந்தியிருந்தால் நெருப்பு எக்ஸோஸ்டுக்குள் போய் எரிந்து மனிபோல்ட்டைப் பழுக்க வைக்கும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. பிளக் வெள்ளையாக வெளிறியிருந்தால் கலவையில் பெற்றோல் போதாது, அதுவும் சூடுதான்.

நாலு, ஜப்பான் கார்களில் பலவற்றுக்கு மிஞ்சிய பெற்றோலும் ஆவியும் தாங்கிக்குத் திரும்பிப் போக இன்னொரு மெல்லிய குழாய் கம்பனியிலேயே உண்டு. முன்னால் வைத்திருந்தவர்கள் கசிவுக்குப் பயந்து அதை ஆணி வைத்து அடைத்திருப்பார்கள். திறந்துவிடுங்கள். குமிழிக்கு வெளியேற ஒரு வழி இருந்தால் அடைப்பு பெரும்பாலும் வராது. இந்தக் குழாய் இல்லாத கார்களுக்கு மூன்று வாய் வைத்த பில்டர் போட்டுப் புதிதாக இழுக்கலாம், ஆனால் தாங்கியில் கைவைக்கிற வேலை என்பதால் அனுபவமுள்ளவரிடம் விடுங்கள். பெற்றோல் இருந்த தாங்கிக்குப் பக்கத்தில் வெல்டிங் என்ற பேச்சே வேண்டாம்.

கிண்ணம் கொதிக்கிற காருக்கு

இங்கே குழாயைத் தள்ளி வைத்துப் பயனில்லை, காபரேற்றருக்கும் மனிபோல்ட்டுக்கும் இடையில் சூட்டை மறிக்க வேண்டும். முதலில் உங்கள் காருக்குக் கம்பனி போட்ட மறிப்புத் தகடு இருந்ததா, இப்போது இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கார்களில் இது கழற்றியபோது திரும்பப் போடப்படாமல் தொலைந்துபோன சாமான். இல்லாவிட்டால் ஒன்றரை மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டில் வெட்டிக்கொள்ளலாம், காட்போட்டில் அச்சு வெட்டிப் பார்த்து, கிண்ணத்துக்கும் அடியில் நீளும்படி, எக்ஸோஸ்டிலும் காபரேற்றரிலும் முட்டாமல் இரண்டு பக்கமும் காற்று ஓடும்படி. அதோடு காபரேற்றருக்கு அடியில் சூட்டைக் கடத்தாத பேக்லைட் கட்டை ஒன்று, ஆறிலிருந்து பன்னிரண்டு மில்லிமீற்றர் தடிப்பில், இரண்டு முகத்திலும் புதுக் காஸ்கெட்டோடு. காபரேற்றர் அந்த அளவுக்கு விலகும் என்பதால் ஸ்டட் நீளம் போதுமா, அக்ஸிலேற்றர் கேபிள் முழுதாகத் திரும்பி மூடுகிறதா, பொனற் இடிக்கிறதா என்று மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு இறங்க வேண்டும். கேபிள் இழுபட்டு நின்றால் கார் தானாக வேகமெடுக்கும்.

மின்சாரப் பம்ப் எப்போது

மேலே சொன்னது எல்லாம் செய்தும் நின்றால் மட்டும். பம்பை இஞ்சினில் இல்லாமல் தாங்கிக்குப் பக்கத்தில், தாழ்வாக வைத்தால் அது உறிஞ்சுவதற்குப் பதில் முழு நீளக் குழாயிலும் பெற்றோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அழுத்தத்தில் இருக்கிற பெற்றோல் இலேசில் கொதிக்காது. இப்போதைய கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லாததும் அதனால்தான், பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பம்பை எடுத்துப் பழைய காருக்குப் போட்டுவிடாதீர்கள், அது சதுர அங்குலத்துக்கு 40 இறாத்தலுக்கு மேல் தள்ளுவது, எஸ்.யு. காபரேற்றரின் கிண்ணத்துக்குள் பெற்றோல் வருவதை மூடுகிற ஊசி தாங்குவது மூன்று இறாத்தல் வரைதான். மிஞ்சினால் பெற்றோல் பொங்கி மனிபோல்ட்டில் வழியும். காபரேற்றர் காருக்கான குறைந்த அழுத்தப் பம்பையே கேளுங்கள். வயரில் பியூசும், மோதினால் தானாகக் கரண்ட்டை வெட்டுகிற சுவிட்சும் கட்டாயம், கார் கவிழ்ந்து கிடக்கும்போது பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

ரோட்டில் நின்றுவிட்டால்

ஓரத்துக்குத் தள்ளுங்கள், முடிந்தால் மரநிழலுக்கு. பொனற்றை முழுக்கத் திறந்து காற்று வருகிற பக்கம் விடுங்கள். தாங்கி மூடியை ஒருமுறை திறந்து மூடுங்கள். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பம்பின் மேலும் பெற்றோல் குழாயின் மேலும் சுற்றுங்கள், காய்ந்தால் திரும்ப நனையுங்கள். போத்தல் தண்ணீரை அப்படியே இஞ்சினில் ஊற்றாதீர்கள், பழுத்த மனிபோல்ட்டும் கண்ணாடிக் கிண்ணமும் வெடிக்கும், டிஸ்ரிபியூட்டர் நனைந்தால் அது வேறு தலையிடி. மின்சாரப் பம்பின் வயர்ப் பக்கத்திலும் ஈரம் படவேண்டாம். பக்கத்தில் சிகரெட்டோடு யாராவது எட்டிப் பார்க்க வந்தால் மரியாதையாக அனுப்பிவிடுங்கள், நம் ஊரில் பொனற் திறந்தால் பத்துப் பேர் வருவார்கள். காபரேற்றருக்குள் பெற்றோல் ஊற்றி ஸ்டார்ட் பண்ணலாம் என்று அதில் ஒருவர் கட்டாயம் சொல்வார், அவருடைய அனுபவத்துக்கு மதிப்புக் கொடுத்தாலும் இதை மட்டும் கேட்காதீர்கள், ஒரு பின்வெடி போதும் முகம் எரிய.

இருபது நிமிடம் போனபிறகு பத்து செக்கன் மட்டும் சுற்றுங்கள், பிடிக்காவிட்டால் ஒரு நிமிடம் ஸ்டார்ட்டருக்கு ஓய்வு. பெற்றோல் மணம் அடிக்கிற காரென்றால் அக்ஸிலேற்றரை முழுதாக மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு சுற்றுங்கள், விட்டு விட்டு மிதிக்காதீர்கள், கொரோலா, வொக்ஸ்வாகன் போன்றவற்றில் ஒவ்வொரு மிதிக்கும் இன்னும் பெற்றோல் பீச்சும். இரண்டு வகைக்குமே, குளிர்ந்த இஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிற சொக்கை இழுக்க வேண்டாம்.

ஓட்டுகிற பழக்கம்

தாங்கியைக் கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள், குறைந்த பெற்றோல் சீக்கிரம் சூடேறும், பம்பும் அதிக உயரத்துக்கு இழுக்க வேண்டிவரும். காலையில் அடியுங்கள், பெற்றோல் செட்டின் நிலத்தடித் தாங்கியிலிருந்து வருவது குளிர்ந்திருக்கும், அது மத்தியானத்துக்கு முன் உங்களை ஊருக்குக் கொண்டுசேர்க்கும். 95 ஒக்ரேன் அடித்தால் சரியாகும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள், ஒக்ரேன் என்பது இஞ்சினில் தட்டல் வராமலிருப்பதற்கான அளவு, ஆவியாவதற்கும் அதற்கும் தொடர்பில்லை, இந்தக் கார்களுக்கு 92 போதும். மண்ணெண்ணெய் கலந்தால் ஆவியாவது குறையும் என்பது உண்மைதான், ஆனால் தட்டல் வரும், எரியாத மண்ணெண்ணெய் வழிந்து இஞ்சின் ஒயிலைக் கெடுக்கும். வேண்டாம்.

காத்தான்குடி, கல்முனை நெரிசலில் நிற்கும்போது கியரை நியூட்ரலில் போட்டு, அக்ஸிலேற்றரைக் கொஞ்சம் கொடுத்து விசிறியைச் சுற்றவிடுங்கள். தூரம் ஓடிவந்து நிறுத்தும்போது உடனே சாவியை மூடாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு மூடுங்கள், மூடியதும் பொனற்றைக் கொளுவியில் ஒரு விரல் அளவு தூக்கிவிட்டால் சூடு மேலால் போய்விடும். செங்கலடியால் திரும்பி மகா ஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறுகிறவர்கள் விடியற்காலையில் வெளிக்கிடுங்கள். ஏற்றத்தில் கார் மெதுவாகப் போகும், இஞ்சின் அதிகம் உழைக்கும், மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து பெற்றோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கும், மூன்றும் லுணுகலைப் பக்கத்தில் ஒன்றாகச் சேரும். மகா ஓயாவிலேயே ஒரு மணித்தியாலம் ஆறவிட்டு ஏறினால் நல்லது.

டிக்கியில் இரண்டு பழைய பருத்தித் துணி, ஐந்து லீற்றர் தண்ணீர், ஒரு மீற்றர் பெற்றோல் ஹோஸ், நாலு கிளிப், ஒரு கண்டென்சர், கைக்கெட்டுகிற இடத்தில் ஒரு கிலோ உலர்தூள் தீயணைப்பான். வேலைகளைப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசியில் மாரி தொடங்கியதும் குழாய்க்குப் போட்ட உறைகளை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், உள்ளே மழைத்தண்ணீர் நின்றால் இரும்புக் குழாய் அடுத்த வெயிலுக்குள் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். காயவைத்து, துருத் தடுப்பு மை பூசித் திரும்பப் போடுங்கள்.